உப்புக் குழி

கான்கிரீட் வேலைக்கு ஆள் வேண்டுமென்று பாலக்கோட்டில் யாரைக் கேட்டாலும் குப்புராஜைத்தான் சொல்வார்கள். சொன்ன கையோடு, "வேலை சுத்தமா இருக்கும், வாயத்தான் கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று ஒரு எச்சரிக்கையும் வரும். இரண்டுமே உண்மை.

தண்ணீர் டாங்க் ஏற்றும் ஸ்டாண்டு, தக்காளி மண்டிக் கொட்டகை, வயலில் நிற்கும் சோலார் பலகை, எதுவானாலும் இரும்புக் கால் ஊன்றுகிற இடத்தில் அடியில் ஒரு கான்கிரீட் பெட் வேண்டும். அந்த பெட் போடுவதுதான் குப்புராஜின் பிழைப்பு. அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெட்டின் தலை தரையைவிட உயர்ந்து நிற்க வேண்டும், காலடியிலிருந்து நாலு பக்கமும் வெளியே சரிந்திருக்க வேண்டும், மழை பெய்தால் ஒரு சொட்டு அங்கே தங்கக் கூடாது. "இரும்புக்கு எமன் தண்ணி இல்லீங்க, நிக்கிற தண்ணி" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குச் சரிவு மேஸ்திரி என்று பெயர் விழுந்துவிட்டது.

பெயிண்ட் விஷயத்தில் இன்னும் மோசம். இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு இரண்டு கை அடித்து, அது காய்ந்த பிறகுதான் மேலே கலர் பெயிண்ட் என்பது அவர் சட்டம். வீட்டுக்காரர்கள் வெளியே தெரிகிற பாகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டு, "மண்ணுக்குள்ள இருக்கறத யாருங்க வந்து பாக்கப் போறாங்க" என்று கேட்பார்கள். "துரு வந்து பாக்குமுங்க" என்பார் குப்புராஜ். அந்த உப்புத்தாள் பேச்சும் அடிக்கடி வரும். இரும்புக்கு உப்பு வாசமே ஆகாது, அதைத் தேய்க்கிற தாளுக்குப் போய் எந்தப் புண்ணியவானோ இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறான் என்று புதிதாகக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். குப்புராஜின் வாய் அவரைக் கிழக்கே அரூர் வரைக்கும் கொண்டுபோய், அங்கே ஒரு வாசற்படியில் பூட்டு வாங்கிக்கொண்டு நின்றது. அது அவர் பெண் கொடுத்த வீடு.

ஒரே மகள் சுகுணா. தீர்த்தமலைப் பாதையில் உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவே கொட்டாய் போட்டுக் குடியிருக்கிற குடும்பத்தில் சம்பந்தம் அமைந்தது. பையன் மாதவராஜ் உழைப்பாளி, தக்காளியும் மஞ்சளும் வைப்பவன், பீடி சிகரெட் கிடையாது. அவன் அப்பா கிருஷ்ணப்பன் நாலு பேர் மதிக்கிற மனிதர், அந்த மதிப்பில் ஒரு சுண்டு குறைந்தாலும் தாங்கமாட்டார். நிச்சயதார்த்தத்தன்று அந்த வீட்டுப் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது குப்புராஜ் அண்ணாந்து பார்த்தார். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். பாயசம் இன்னும் இலைக்கு வரவில்லை. "இந்தச் செவுத்துக்கு அஸ்திவாரம் போட்டவன் எந்த ஊர்க்காரனுங்க? காசு வாங்கினு கண்ண மூடினு போட்டிருக்கான்" என்று நல்லதைத்தான் சொல்வதாக நினைத்துச் சொல்லிவிட்டார். அஸ்திவாரம் போட்டது கிருஷ்ணப்பனின் சொந்தத் தம்பி. அவர் இரண்டு இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணம் நிற்கப் பார்த்தது. பெரியவர்கள் நடுவில் புகுந்து, குப்புராஜ் கையெடுத்துக் கும்பிட்டு, எப்படியோ ஒப்பேற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி காவேரி அவரை நேராக மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கற்பூரத்தை ஏற்றி, "அடிச்சி சத்தியம் பண்ணுங்க" என்றாள். "அந்த வூட்டுப் படி ஏறுனா உங்க வாய்க்குப் பூட்டு. பொண்ணு குடுத்த எடத்துல குத்தம் சொன்னா, அத நீங்க அனுபவிக்க மாட்டீங்க, அவதான் அனுபவிப்பா."

அவர் சத்தியம் செய்தார். செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். இந்தக் கதையின் கேடெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கல்யாணச் சீராக ஒரு டாங்க் ஸ்டாண்டு செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். சொட்டுநீர்க் குழாய்க்கு அழுத்தம் வேண்டுமென்று மாதவராஜ் உயரமாகக் கேட்டான். பாலக்கோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவிடம் நாலு ஆங்கிள் கால் வைத்த ஸ்டாண்டு அடிக்கச் சொல்லி, உப்புத்தாள் தேய்ப்பதற்கு மட்டும் யாரையும் விடாமல் தானே உட்கார்ந்து தேய்த்தார். குழி தோண்டி, அடியில் ஜல்லி இடித்து, கான்கிரீட் கொட்டும்போது போல்ட்டுகளை நிறுத்தி, பெட்டின் தலையைக் கரணையால் வழித்துச் சரிவு எடுத்தார். காலை மண்ணில் புதைக்கவில்லை. அடியில் இரும்புப் பலகை வைத்து, பெட்டின் மேலே போல்ட்டு போட்டு முறுக்கினார். ஒரு வாரம் அங்கேயே தங்கி ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் காட்டினார். சம்பந்தி வீட்டுத் தண்ணீர் டாங்க் தன் பெட்டின் மேல் ஏறி நின்றபோது, வாயால் கெடுத்த பெயரைக் கையால் வாங்கிவிட்டதாக அவருக்கு ஒரு நிம்மதி. கிருஷ்ணப்பனே வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் பசுமாடு ஒன்று ஷாக் அடித்துச் செத்தது. டாங்க்குக்கு அடியிலேயே மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் கட்டியிருந்த மாடு அதன் கம்பியில் முகத்தை வைத்திருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் குழாயைத் திறந்த சுகுணாவையும் கரண்ட் தூக்கிப் போட்டது. அப்போது வயிற்றில் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மாதவராஜ் அன்று அழுதானாம். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, எர்த் சரியில்லை, கரியும் உப்பும் கொட்டி நல்லதாக ஒரு எர்த் குழி போடு, காயாமல் தண்ணீர் விடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதவராஜ் போட்டான். ஸ்டார்ட்டருக்குப் பக்கமாகவே இருக்கட்டும் என்று டாங்க்கின் மேற்குக் காலை ஒட்டித் தோண்டினான். மூட்டை மூட்டையாகக் கரியும் கல்லுப்பும் கொட்டினான். தண்ணீர் வழிந்து ஓடிவிடக் கூடாதென்று சுற்றிச் செங்கல் அடுக்கி மண்ணை அணைத்தான். அந்த அணையில் பாதி மாமனார் போட்ட பெட்டின் மேல் ஏறி, அவர் வழித்த சரிவை மூடியது. டாங்க் நிரம்பி வழிகிற குழாயையும் அந்தக் குழிக்கே திருப்பிவிட்டான். அவன் கெட்டிக்காரன். கோடை வந்தால் மறக்காமல் இன்னொரு மூட்டை உப்பு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. குழந்தை மலர்விழி அந்தக் குழாயடியில்தான் நடை பழகினாள். அவனைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது, எனக்கும் வரவில்லை.

அது நடந்து மூன்று வருஷம் ஆகி, ஒரு ஆடிப்பெருக்குக்குக் குப்புராஜும் காவேரியும் மகள் வீட்டுக்குப் போனார்கள். கால் கழுவ டாங்க் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பொங்கலுக்கு அடித்த வெள்ளிப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மேற்குக் காலில் மட்டும் பெயிண்ட் அடியில் பூரி மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. செங்கலை நகர்த்தி ஈரமண்ணைத் தள்ளிப் பார்த்தார். பலகையும் போல்ட்டும் ஏடு ஏடாக உரிந்து வந்தன. இரும்பு என்று சொல்ல அதில் பாதிகூட மிச்சமில்லை, இத்துப் போயிருந்தது. மேலே இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் நின்றது. கீழே அவர் மகள் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அந்தத் தெருவே கேட்டிருக்கும். இங்கே அவர் மண்ணை மறுபடி தள்ளி மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். கடைசியில், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக, "மாப்ள, அந்த எர்த் குழிய கொஞ்சம் தள்ளி வேலியோரமா மாத்திக்கிட்டா தேவலைங்களா" என்றார்.

"ஏன் மாமா, நீங்க வெச்ச காலு அவ்வளவு வீக்குங்களா?" என்று மாதவராஜ் சிரித்தான். அதில் வம்பு இல்லை, மாமனாரைக் கிண்டல் செய்கிற உரிமைதான். "அந்தக் குழிதான் மாமா உங்க பொண்ணக் காப்பாத்தினு இருக்குது."

"சம்பந்தி ஆரம்பிச்சிட்டாரு" என்றார் கிருஷ்ணப்பன். "அன்னைக்குச் செவுரு, இன்னைக்குக் குழி. நாளைக்கு என்னங்க, கூரையா?"

எல்லோரும் சிரித்தார்கள். காவேரி சிரிக்காமல் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். கோயில் கற்பூரம் அந்தப் பார்வையில் இருந்தது. குப்புராஜும் சிரித்தார். சிரித்துவிட்டு ரசம் கேட்டார்.

மறுநாள் காலையில் அவர் செய்த காரியத்துக்குப் பலரும் பின்னால் பல பெயர் வைத்தார்கள். நான் கோழைத்தனம் என்பேன். ஆனால் சத்தியம் செய்துவிட்டு மகள் வீட்டில் நின்ற ஒரு தகப்பனாக என்னை வைத்துப் பார்க்கும்போது என் வாயும் கொஞ்சம் அடங்கிவிடுகிறது. மாட்டுக் கொட்டகையில் பாதி மூட்டை சிமெண்ட் கிடந்தது. "சும்மாதான இருக்கறன், காலடியக் கொஞ்சம் கட்டித் தர்றன்" என்று சொல்லி, கலவை போட்டு, இத்துப்போன காலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வட்டமாக ஒரு கான்கிரீட் கட்டு கட்டினார். தலையில் சரிவும் எடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அவர் ஜல்லியும் சிமெண்ட்டும் கொண்டு செய்து முடித்தார்.

உள்ளே இருப்பது இரும்பில்லை என்று அவருக்குத் தெரியும். உப்பில் ஊறிய காலைக் கான்கிரீட்டில் மூடினால் துரு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும், அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் அவருக்குத் தெரியும். ஆறு மாசம் தாங்கும், அதற்குள் புதுக்கால் செய்துகொண்டு வந்து, ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார். குற்றம் சொன்ன மாதிரியும் இருக்காது, காரியமும் முடிந்துவிடும்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கவுஸ் பாஷாவிடம் போனார். அவர் ஒருவரிடம்தான் முழுசாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பாஷா போட்டிருந்த வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மேஸ்திரி, காலு நான் நாளைக்கே அடிச்சித் தர்றேன். அது வேற விஷயம். நீங்க இப்பவே போன் போட்டு டாங்க்கக் காலி பண்ணச் சொல்லுங்க."

"என்னான்னு சொல்றது பாய்?"

"காலு இத்துப் போச்சு, கீழ யாரும் போவாதீங்கன்னு சொல்லுங்க. இதுல என்ன இருக்குது?"

"சொன்னா அவங்க குழியால கெட்டுச்சுன்னு சொன்ன மாதிரி ஆகும். அந்த வூட்டு ஆளுங்க எல்லாம் சேர்ந்து என் பொண்ணத்தான் பேசுவாங்க."

"பேசட்டுமே" என்றார் பாஷா.

குப்புராஜ் போனை எடுத்தார். எண்ணையும் அழுத்தினார். மறுமுனையில் சுகுணா, "சாப்பிட்டீங்களாப்பா" என்றதும், "சாப்பிட்டன் கண்ணு, டாங்க் எப்படி இருக்குது" என்று கேட்டார். "ஊருல எல்லா அப்பாவும் பொண்ணு எப்படி இருக்கான்னு கேப்பாங்க, எங்கப்பா டாங்க்க விசாரிக்கிறாரு" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வரவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அதையே கேட்டார். அவளும் அதையே சொல்லிச் சிரித்தாள்.

புதுக்கால் சொன்னபடி ஆவணியிலேயே தயாரானது. ரெட் ஆக்ஸைடு பூசி, பாஷாவின் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. ஐப்பசியில் மழை என்று தள்ளிப் போனது. கார்த்திகையில் கரும்பு ஆலைப் பக்கம் பெரிய வேலை வந்தது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்துப் போகலாம் என்றால், நல்ல நாளில் இரும்பைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று காவேரி சொன்னாள். அவளுக்கு விஷயம் தெரியாது. அவர்தான் சொல்லவில்லையே. பொங்கலன்று போய்ப் பார்த்தபோது கான்கிரீட் கட்டுக்கும் சேர்த்து வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தட்டிப் பார்த்தார். கெட்டியாகச் சத்தம் வந்தது. கான்கிரீட் வேறு எப்படிச் சத்தம் போடும்? அதைக் கேட்டுவிட்டு அவரும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தார். தன் கைவேலையில் மனுஷன் மயங்காமல் இருப்பது கஷ்டம்.

சித்திரை முடிகிற சமயம். வெயில் கொளுத்தி, சாயங்காலம் ஒரு கோடைக்காற்று எழுந்தது. குப்புராஜ் பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு கொட்டகைக்கு பெட் போட்டுக்கொண்டிருந்தார். கலவை கொட்டியாயிற்று, வழிக்க வேண்டும். அப்போது போன் வந்தது. கிருஷ்ணப்பன். அவர் குரல் மாதிரியே இல்லை.

"சம்பந்தி, டாங்க் சாஞ்சிடுச்சு."

"சுகுணாவா?" என்று கேட்டார் குப்புராஜ். வேறு எதுவும் கேட்கவில்லை.

"இல்ல. அவ ஊட்டுக்குள்ள இருந்தா. மாதவராஜு…"

இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு விடுபட்டு வெளியே வந்தது. அடுத்த பெயர் காதில் விழுவதற்குள் வந்துவிட்டது. அந்த ஒரு மூச்சை அவர் பிறகு ஒருநாளும் தனக்கு மன்னிக்கவில்லை.

மோட்டார் போடுவதற்கு முன் குழிக்கு உப்புப் போடப் போயிருக்கிறான். காற்று டாங்க்கைத் தள்ளியது. மேற்குக் கால் கட்டுக்கு உள்ளேயே முறிந்து உட்கார, டாங்க் அவன்மேல் சாய்ந்தது. மற்ற மூன்று காலும் நன்றாகத்தான் இருந்தன, நன்றாக இருந்து என்ன செய்ய. அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. உப்பு. உப்பு கொட்டிக் கொட்டித்தான் கால் கெட்டது, காலைத் தொட்டுப் பார்த்தாலே தெரிகிறதே என்றார்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்றுகூட ஒரு நாக்கு சொல்லிற்று, பிணத்தை எடுப்பதற்கு முன்னாலேயே. பெண்டாட்டிக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று உப்புக் கொட்டியவனுக்கு இந்தப் பழமொழி. குப்புராஜ் அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை போன துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு போனார். மகளுக்குக் கல்யாணப் புடவை எடுத்த அதே கடையில்தான் எடுத்தார், வேறு கடைக்குப் போகக் கால் வரவில்லை. சடங்கு முடிந்து ஆண்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது கிருஷ்ணப்பன் எழுந்து வந்தார். யாரிடமும் தலை வணங்காத மனிதர், எல்லோருக்கும் முன்னால் குப்புராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கே சொன்னீங்க சம்பந்தி. குழிய மாத்துங்கன்னு சொன்னீங்க. நான்தான் சிரிச்சன். எம்புள்ளைய நானே சிரிச்சி சாவடிச்சிட்டன்."

"அவரு சொன்னா அதுல விஷயம் இருக்கும்" என்றார் ஒருவர். "நாமதான் கேக்கறதில்ல" என்றார் இன்னொருவர்.

அப்படியே விட்டிருக்கலாம். ஊர் முழுக்க அவர் பக்கம் இருந்தது. சொல்லியும் கேட்காமல் போனார்கள் என்ற பெயரோடு அவர் அங்கிருந்து எழுந்து போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஒரு கணம் அந்த எண்ணம் வரவும் செய்தது. ஆனால் வாசல் நிலையில் சுகுணா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

"அவரு கேட்டாரு மாமா" என்றாள் மாமனாரிடம். "சிரிச்சாரே தவிர, மனசுல வெச்சினுதான் இருந்தாரு. எங்கப்பா ஊருக்குப் போன மறுவாரமே குழிய மாத்தறன்னு கடப்பாரைய எடுத்துனு போனாரு. போயிப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டாரு. எங்கப்பாவே கான்கிரீட்டு போட்டுட்டுப் போயிருக்காரு, அவரு கைபட்ட எடம் கல்லு, இனிமே நூறு வருஷத்துக்குக் கவல இல்லைன்னு சொன்னாரு."

அவள் அப்பாவுக்குப் பெருமை சேர்க்கத்தான் அதைச் சொன்னாள்.

குப்புராஜ் எழுந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தார். விழுந்த ஸ்டாண்டை அப்புறப்படுத்தியிருந்தார்கள், பெட்டின் மேல் அவர் கட்டிய கட்டு மட்டும் வெள்ளிப் பெயிண்டோடு நின்றது. யாரோ, "இப்ப எதுக்குங்க அது" என்றார்கள். அவர் நிறுத்தவில்லை. நல்ல வேலை, சீக்கிரத்தில் உடையவில்லை. உடைந்தபோது உள்ளே நடுவில் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொந்துதான் இருந்தது. அதிலிருந்து செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் துரு கொட்டியது. அவர் இரண்டு கையாலும் அதை அள்ளினார்.

"நான் கட்டும்போதே இது இப்படித்தான் இருந்துச்சு" என்றார். குரல் சாதாரணமாக, வேலை இடத்தில் பேசுகிற குரலாக இருந்தது. "வெரலு உள்ள போச்சு. தெரிஞ்சிதான் மூடுனன். குத்தம் சொல்றன்னு நெனப்பீங்களோன்னு வாயத் தொறக்காம மூடுனன். புதுக்காலு பாய் பட்டறையில ஆவணியிலருந்து நிக்குது."

கிருஷ்ணப்பன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். காவேரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சுகுணா குழந்தையை இறக்கிவிட்டு வந்து அந்தத் துருவையும் அவர் முகத்தையும் பார்த்தாள். கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை.

"சொல்லியிருந்தா அவருக்குக் கோவம் வந்திருக்கும்பா" என்றாள். "ரெண்டு நாளு என்கூடப் பேசாம இருந்திருப்பாரு. மூணாவது நாளு அவரே வந்து பேசியிருப்பாரு. அவ்வளவுதானப்பா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் பேசாமல் இருப்பது இரண்டு நாளில் முடியவில்லை. வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. காவேரி போய் வந்தாள், குழந்தையைப் பார்த்தாள், மகள் கையால் சாப்பிட்டாள். குப்புராஜ் போன் செய்தால் மணி அடித்து நின்றுவிடும். டாங்க் எப்படி இருக்கிறது என்று கேட்க இப்போது டாங்க்கும் இல்லை. வேலைக்குப் போனார். சரிவு எடுத்தார், உப்புத்தாள் தேய்த்தார். உப்புத்தாள் பேச்சை மட்டும் அவர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

தக்காளி நாற்று நடுகிற நேரம் வந்தது. தண்ணீருக்கு ஸ்டாண்டு இல்லாமல் முடியாது என்று கிருஷ்ணப்பன் பாஷாவிடம் சொல்லியனுப்பினார். பாஷா அந்த ஒற்றைக் காலையும் சேர்த்துப் புது ஸ்டாண்டு அடித்தார். பெட் போட, மருமகள் சொற்படி, பக்கத்து ஊர் மாது என்ற மேஸ்திரியை வைத்திருந்தார்கள். ஸ்டாண்டை ஏற்றிய வண்டியில் குப்புராஜும் ஏறிக்கொண்டார். வேண்டாம் மேஸ்திரி என்று பாஷா சொன்னார். கேட்கவில்லை.

போய் இறங்கியபோது மாது கான்கிரீட் கொட்டி முடித்து, மட்டப்பலகை வைத்துத் தலையைத் தட்டையாக இழுத்துக்கொண்டிருந்தான். எர்த் குழிக்கும் அங்கேயே ஒரு கெஜம் தள்ளி அடையாளம் போட்டிருந்தான். வாசலில் கிருஷ்ணப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுகுணா கலவைக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து நிற்பதைப் பார்த்தாள், பார்க்காதது போல் குடத்தைச் சாய்த்தாள்.

குப்புராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அந்த வீட்டில், நிச்சயதார்த்தப் பந்திக்குப் பிறகு முதல் தடவையாக, முழுக்குரலில் குறை சொன்னார்.

"தட்டையா இழுக்காதப்பா. தண்ணி நிக்கும். காலுலருந்து வெளிய சரிச்சி வுடு. எர்த் குழி இங்க வேண்டாம், அந்த வேலியோரம் போட்டு ஒயர இழு."

மாது கரணையை நிறுத்திவிட்டு, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கிருஷ்ணப்பனைப் பார்த்தான். கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை. மருமகளைப் பார்த்தார். இனி அந்த வீட்டில் குப்புராஜ் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாருக்கும் கோபம் வராது. கோபித்துக்கொள்ள வேண்டியவன் இல்லை.

சுகுணா காலிக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"அவரு சொல்ற மாதிரியே வைங்க" என்று மாதுவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

மாது மட்டப்பலகையை ஓரமாகப் போட்டுவிட்டு, கரணையைச் சாய்த்துப் பிடித்துச் சரிவு இழுக்க ஆரம்பித்தான்.